நாலு முளை

பாளையம்பட்டியை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் என் பெரியப்பாவின் மூன்று ஏக்கர் கரிசல் காடு. மானாவாரி. மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து. பெய்யாவிட்டால் கால் விரல் நுழையும் வெடிப்பு. ஒரு சித்திரை மாதக் காலையில் அங்கே நாலு இரும்பு முளைகளை அடித்தார்கள். முழங்கை நீளம், கட்டைவிரல் பருமன், நுனி கூர். வந்தவர்களும் நாலு பேர். மீட்டர் பெட்டியோடு வேப்பமர நிழலில் உட்கார்ந்தவர் ஒருவர், நோட்டில் எழுதுகிறவர் ஒருவர், சுத்தியலும் கம்பி உருளையுமாக இரண்டு பக்கமும் ஓடும் பையன்கள் இருவர். எங்கள் பக்கம் இதற்கு ‘நீரோட்டம் பார்ப்பது’ என்று பேர். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பவர் செய்வதும் நீரோட்டம் பார்ப்பதுதான், வேப்பங்குச்சி பிடிப்பவர் செய்வதும் அதுதான், பெட்டியோடு வருகிறவர் செய்வதும் அதுதான்.

முளை இறங்கியதும் ஒரு பையன் குடத்திலிருந்து உப்புக் கரைத்த தண்ணீரை அதன் தலைமாட்டில் ஊற்றினான். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் தம்பி, நெலத்துல உப்ப ஊத்துறீக? நல்ல தண்ணி ஊத்தினா ஆகாதா?”

“மேல்மண்ணு காஞ்சு கெடக்கு ஐயா. கரண்டு உள்ள எறங்கணும்ல. செத்தோண்டுதான். ஒரு மழைக்குக் கரைஞ்சு போகும்.”

பெரியப்பா அதற்கு முன் இரண்டு தடவை போர் போட்டு ஏமாந்தவர். ஒன்று தேங்காய் எழுந்து நின்ற இடம். இன்னொன்று, பக்கத்துக் காட்டில் தண்ணீர் வந்ததைப் பார்த்து வரப்போரம் போட்டது. இரண்டிலும் பாறைப்புழுதிதான் பறந்தது. போர் வண்டிக்குக் கூலி அடிக்கணக்கில். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இறங்கிய அடிக்குக் காசு வைக்க வேண்டும். திருச்சுழிப் பக்கம் குண்டாற்றில் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மணல்தான் தெரியும். கண்மாய் பெருகினால் கிணறு ஊறும், இல்லாவிட்டால் இல்லை. மேலே கரிசல், அடியில் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. சிதைவிலும் வெடிப்பிலும்தான் நீர் தங்கும். அது எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று தோண்டாமல் நிலத்தைக் கேட்டுப் பார்க்க வந்தவைதான் அந்த நாலு முளைகள்.

ஏன் நாலு? அன்றைக்கு நான் கேட்ட கேள்வி இது ஒன்றுதான். மரத்தடியில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். அதன் பிறகு நானாகத் தேடித் தேடிப் படித்தேன். பல வருஷமாக இந்த நாலு முளைகளைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

இரண்டே முளை அடித்து, அவற்றின் வழியாகவே மின்சாரத்தை விட்டு, அவற்றுக்கு நடுவிலேயே மின்னழுத்தத்தையும் அளந்தால், வருகிற எண் நிலத்தின் எண் அல்ல. இரும்பு மண்ணைத் தொடும் இடத்தில்தான் தடை அதிகம். வெயிலில் காய்ந்த மேல்மண், முளையைச் சுற்றிய சிறு இடைவெளி, இரும்பில் ஏறிய துரு எல்லாம் அந்த எண்ணுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கல்யாண வீட்டு வாசல் நெரிசலைப் பார்த்துவிட்டு உள்ளே பந்தியில் எத்தனை பேர் என்று சொல்வது போல ஆகிவிடும். நாலு முளை என்றால் வேலை பிரிந்துவிடுகிறது. வெளிமுளை இரண்டும் மின்சாரத்தைத் தள்ளும். உள்முளை இரண்டும் எதையும் தள்ளாது, தம் வழியாக ஏறக்குறைய எதையும் ஓடவும் விடாது. நடுவில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். மின்சாரம் ஓடாத இடத்தில், தொடுமுனை எவ்வளவு மோசமாக இருந்தாலும், அங்கே அழுத்தம் விழுந்து கணக்கைக் கெடுக்காது. தள்ளுகிறவன் கணக்குச் சொல்லக் கூடாது, கணக்குப் பார்க்கிறவன் தள்ளக் கூடாது. இந்தச் சின்னஞ்சிறு பிரிவினைதான் நான் சொல்ல வந்த பொருள். அதற்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது.

பிறந்தது தந்திக் காலத்தில். கடலடியில் கம்பி போட்டு இரண்டு கண்டங்களை இணைக்கத் துடித்துக்கொண்டிருந்த நாட்கள். செம்பின் தரம் குறைந்தால் செய்தி மங்கிப் போகும். ஆனால் தடித்த செப்புக் கம்பியின் தடை மிகமிகக் குறைவு. அதை அளக்கப் போனால் இணைப்பு முனைகளின் தடையே அதைவிடப் பெரிதாக இருந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் 1861இல் இதற்கு வழி கண்டார். மின்சாரத்தைக் கொண்டுவர ஒரு சோடி முனை, அழுத்தத்தைப் பார்க்கத் தனியாக இன்னொரு சோடி முனை. ஆய்வகங்களில் இன்றும் கெல்வின் பாலம் என்று சொல்கிறார்கள்.

செம்பிலிருந்து அது மண்ணுக்கு இறங்கியது. பாரிஸ் சுரங்கக் கல்லூரிப் பேராசிரியர் கான்ராட் ஷ்லம்பர்ஷே 1911இல் ஒரு குளியல் தொட்டியில் மணலை நிரப்பி மின்சாரம் விட்டுப் பார்த்துவிட்டு, மறுவருஷம் நார்மண்டியில் தம் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் முளை அடித்தார். அமெரிக்கத் தர நிர்ணயப் பணியகத்தில் இருந்த ஃபிராங்க் வென்னர் 1915இல் கணக்கைச் சுருக்கி எழுதினார். நாலு முளையையும் ஒரே இடைவெளியில் நேர்கோட்டில் அடி. கிடைக்கும் தடையை இடைவெளியாலும் இரண்டு பையாலும் பெருக்கு. அந்த மண்ணின் மின்தடை எண் ஓம்-மீட்டரில் வந்துவிடும். ஷ்லம்பர்ஷேயின் முறையில் உள்முளை நடுவிலேயே நிற்கும், வெளிமுளைகள்தான் விலகிக்கொண்டே போகும். எங்கள் காட்டில் நடந்தது அதுதான். முதலில் நடுவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர், பிறகு பத்து, இருபது, ஐம்பது, நூறு. முளைகள் விலக விலக மின்சாரம் ஆழமாக இறங்கிச் சுற்றி வரும். ஒவ்வொரு இடத்திலும் மரத்தடியில் இருந்தவர் எண்ணைக் கூவினார், நோட்டுக்காரர் எழுதினார். இதே ஷ்லம்பர்ஷேயும் அவர் தம்பியும் அனுப்பிய ஆட்கள் 1927 செப்டம்பர் 5 அன்று அல்சேஸில் உள்ள பெஷெல்பிரான் எண்ணெய்க் கிணற்றுக்குள் முனைகளை இறக்கி, ஒவ்வொரு மீட்டராக நிறுத்தி நிறுத்தி மின்தடையை அளந்து கையாலேயே எழுதி வரைந்தார்கள். எங்கள் நோட்டுக்காரரைப் பார்த்தபோது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் காட்டில் எண் முதலில் பத்துக்கும் கீழே நின்றது. கரிசல் களிமண் அப்படித்தான் காட்டும், உள்ளே உப்பும் ஈரமும் பிடித்துவைத்திருக்கும் மண் அது. பிறகு மெல்ல ஏறியது. கெட்டிப் பாறை என்றால் ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். ஏறிக்கொண்டே போன கோடு ஓரிடத்தில் தயங்கி மறுபடி சற்றுச் சரிந்தது. “இங்கதான்” என்றார். ஆனால் உடனே ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். குறைந்த எண் என்றாலே நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது, களிமண்ணும் குறைவாகத்தான் காட்டும், உப்புத் தண்ணீர் அதைவிடக் குறைவாகக் காட்டும் என்றார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. போர் போட்டோம். தண்ணீர் வந்தது. வாயில் வைத்தால் உவர், பருத்திக்குப் பரவாயில்லை.

மண்ணை அளக்கக் கற்ற நாலு முளைகள் உடம்புக்கு வந்தது எப்படி என்பதுதான் இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் பகுதி. உடம்பும் நிலமும் ஒரே அலகில் பேசுகின்றன. கடல்நீரின் மின்தடை எண் 0.2 ஓம்-மீட்டர். ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை. தசை சில ஓம்-மீட்டர். கொழுப்பு அதைப்போலப் பல மடங்கு, ஏனென்றால் அதில் நீர் குறைவு. எங்கள் காட்டின் ஈரக் கரிசலும் என் கைத்தசையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தோல் மட்டும் வேறு. தோலின் மேலே செத்துக் காய்ந்த செல்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. காகிதத்தைவிட மெல்லிய அந்தப் பொருக்கில்தான் தடை முழுவதும் குவிந்திருக்கிறது. இரண்டு முனையை மட்டும் கையில் வைத்து அளந்தால் வருவது பெரும்பாலும் அந்தப் பொருக்கின் எண்தான். வியர்த்தால் ஒன்று, காய்ந்தால் ஒன்று. சித்திரை வெயிலில் வெடித்த கரிசலுக்கும் நம் தோலுக்கும் இருக்கும் ஒற்றுமை இது.

தோலைத் தாண்டி உள்ளே போனால் அடுத்த தடுப்பு செல். ஜெர்மனியில் ருடால்ஃப் ஹோபர் 1910 வாக்கில் சிவப்பணுக்களை வைத்து ஒன்று கண்டார். மெதுவாகத் திசைமாறும் மின்சாரத்துக்கு அணுக்கள் கூழாங்கல் மாதிரி நடந்துகொள்கின்றன. மின்சாரம் அவற்றைச் சுற்றிக்கொண்டு, வெளியே இருக்கும் உப்புநீர் வழியாகத்தான் போகும். அதையே மிக வேகமாகத் திசைமாற்றினால் தடை சட்டென்று இறங்கிவிடுகிறது. கல் என்று நினைத்தது கல் இல்லை, உள்ளே நீர் நிரம்பிய ஒரு பானை. பானையின் சுவர்தான் மெதுவான மின்சாரத்தைத் தடுக்கிறது, வேகமான மின்சாரம் சுவரைத் தாண்டி உள்நீரையும் தொட்டுவிடுகிறது.

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் வேலை பார்த்த ஹியூகோ ஃபிரிக்கே 1925இல் அந்தச் சுவரை அளந்தார். நாயின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, அதிர்வெண்ணை மாற்றி மாற்றித் தடை எப்படி இறங்குகிறது என்று பார்த்தார். ஒரு சதுர சென்டிமீட்டர் சவ்வின் மின்தேக்குத் திறன் 0.81 மைக்ரோஃபாரட் என்று கணக்கு வந்தது. சவ்வு எண்ணெய்த் தன்மையுள்ளது என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து தடிமனைக் கணித்தார். 3.3 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரை மூன்று லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு. செல் சவ்வை அதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதைக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி அன்று கிடையாது. வெறும் மின்தடை அளவீடுகளை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரின் கனத்தைச் சொல்லிவிட்டார். பிறகு வந்த கருவிகள் அது சரியான வரிசையில்தான் இருக்கிறது என்று காட்டின. அந்தக் கட்டுரையை நான் முதலில் படித்த இரவு தூங்கவில்லை. தோண்டாமல் பாறை வெடிப்பைக் கண்டுபிடிப்பதும், கிழிக்காமல் சவ்வை அளப்பதும் ஒரே கை செய்கிற வேலை என்று தோன்றியது.

1939இல் கென்னத் கோல், ஹோவர்ட் கர்ட்டிஸ் இருவரும் கணவாயின் தடித்த நரம்பை எடுத்து, அதன் வழியே துடிப்பு ஓடும் கணத்தில் சவ்வின் தடை என்ன ஆகிறது என்று அலைக்காட்டியில் படம்பிடித்தார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் ஓம் இருந்தது இருபத்தைந்து ஓமாக விழுந்து, மறுபடி எழுந்தது. நேரம், ஆயிரத்தில் ஒரு விநாடி. நோட்டுக்காரரால் எழுத முடியாத வேகம் அது. அளவீட்டை ஆள் எழுதிக்கொள்வதிலிருந்து கருவியே பதிவு செய்துகொள்வதற்கு இந்தத் துறை நகர்ந்தது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

மருத்துவமனைக்குள் முளைகள் நுழைந்தது 1940களில். அமெரிக்க மருத்துவர் யான் நைபோர், நாடி துடிக்கும்போது கையிலும் காலிலும் ரத்தம் ஏறி இறங்குவதால் அங்கே தடையும் ஏறி இறங்குவதை அளந்தார். பிரான்ஸில் தொமாசே 1962இல் உடம்பிலுள்ள மொத்த நீரை அளக்கப் பார்த்தார். தோலின் பொருக்கைத் தாண்ட அவர் தோலுக்கடியில் இரண்டு ஊசிகளைக் குத்தினார். நோயாளிக்கு வலிக்கும் வழி அது. 1966இல் மினசோட்டாவில் குபிசெக் குழுவினர் நாசாவுக்காக விண்வெளி வீரர்களை மனதில் வைத்து, ஆட்களின் கழுத்திலும் மார்பின் அடியிலும் நாலு பட்டைகளைக் கட்டினார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று தெரிந்துகொள்வதற்காக. ஊசி எதுவும் இல்லை. வெளிச்சோடி தள்ளும், உள்சோடி பார்க்கும். எங்கள் காட்டு ஏற்பாடுதான்.

1969இல் ஹாஃபரும் உடன் பணியாற்றியவர்களும் எளிய ஒரு வழியைக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரம்தான். கம்பியின் தடை, நீளம் கூடினால் கூடும், பருமன் கூடினால் குறையும். அதைத் திருப்பிப் போட்டால் கம்பியின் கனஅளவு, நீளத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுப்பதற்கு நேர்விகிதம் என்று வரும். ஆளின் உயரத்தின் வர்க்கத்தைக் கைமுதல் கால்வரையிலான தடையால் வகுத்தார்கள். உடம்பின் மொத்த நீரோடு அது நன்றாகவே பொருந்திப் போனது. 1985இல் லுகாஸ்கி குழுவினர் கையில் இரண்டு, காலில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, விநாடிக்கு ஐம்பதாயிரம் சுற்றாகத் திசைமாறும் 800 மைக்ரோஆம்பியர் மின்சாரத்தை விட்டார்கள். அவ்வளவு வேகத்தில் நரம்பு அதை உணராது. ஆளுக்கு ஒன்றும் தெரியாது. தடை ஏறக்குறைய ஐந்நூறு ஓம் வரும்.

இன்று மருந்துக் கடைகளிலும் ஜிம்களிலும் ஏறி நின்றால் கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷினில் இருப்பது இந்த நாலு முளைகள்தான். பாதத்துக்கு இரண்டு தகடு. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் மனது கேட்காது. நடுவுடலில் உடம்பின் எடையில் ஏறக்குறையப் பாதி இருக்கிறது. ஆனால் அது பருமனாக இருப்பதால் கை-கால் அளவீட்டில் மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்குதான் அதன் கணக்கு. மீதி எல்லாம் மெலிந்த கைகளும் கால்களும் கொடுப்பவை. காலில் மட்டும் தகடு உள்ள மெஷின் காலையும் இடுப்பையும் பார்த்துவிட்டு வயிற்றை யூகித்துச் சொல்கிறது. அந்த யூகச் சூத்திரம் யாரை அளந்து எழுதப்பட்டதோ அவர்களுக்குத்தான் சரியாகப் பொருந்தும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் 2004இல் லான்செட்டில் காட்டியபடி, ஒரே பி.எம்.ஐ. உள்ள வெள்ளைக்காரரைவிட நம்மவர் உடம்பில் கொழுப்பு அதிகம். மெஷின் காட்டும் சதவீதத்தைப் பார்த்துச் சோறு குறைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், மாதாமாதம் ஏறி நின்று ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் பயனுண்டு. ஒரே நாள் எண்ணை நம்பக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது.

நீங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருந்தால் இந்த அளவீட்டைப் பார்த்தும் இருப்பீர்கள், தெரியாமல். நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி ஸ்டிக்கர்களின் வழியாகவே மானிட்டர் சிறு மின்சாரத்தை விட்டு, மூச்சு உள்ளே போனால் தடை ஏறுவதையும் வெளியே வந்தால் இறங்குவதையும் எண்ணி, திரையில் மூச்சு எண்ணிக்கையாகக் காட்டுகிறது. காற்று மின்சாரத்தைக் கடத்தாது. மூச்சு எடுத்த நுரையீரல் வறண்ட நிலம் மாதிரி. 1980களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்பரும் பிரவுனும் நெஞ்சைச் சுற்றிப் பதினாறு முனைகளை ஒட்டி, மாற்றி மாற்றி ஒரு சோடி தள்ள மற்றவை பார்க்க, நுரையீரலின் குறுக்குவெட்டைப் படமாகவே எடுத்தார்கள். நம் நாட்டில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், கை கால்களின் ரத்த ஓட்டத்தை இதே முறையில் அளக்கும் கருவியைச் சொந்தமாகச் செய்து மருத்துவமனைகளோடு சேர்ந்து சோதித்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்பொறியியல் துறை, உடம்பின் மின்குறிகளைக் கணினிக்குள் வாங்கும் பெட்டியைத் தானே வடிவமைத்தது. சிஎம்சிடேக் என்று பேர். வெளிநாட்டுப் பெட்டி வாங்க முடியாத உடலியல் ஆய்வகங்களில் அது எத்தனை பேருக்குக் கண் திறந்திருக்கும் என்று நினைத்தால் மனது நிறைகிறது.

என் மேசைக்கு வந்தது வேறொரு பெட்டி. தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையம் 2004இல் ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளி கல்லூரிப் பிள்ளைகளும் அளந்து பார்க்கட்டும் என்பதற்காக. அதில் பிறந்ததுதான் எக்ஸ்ப்ஐஸ். உள்ளங்கை அளவு. வடிவமைப்பு யாருக்கும் திறந்தது. யூஎஸ்பி கம்பியில் கணினியோடு சேர்த்தால் அலை உண்டாக்கும், அலையை வாங்கி எண்ணாக மாற்றிக் கொடுக்கும். வருகிற மின்னழுத்தத்தை 4096 படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் நிற்கிறது என்று விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை குறித்துக்கொள்ளும். நோட்டுக்காரர் இப்போது பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு மரப் பட்டையில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக நாலு துளை போட்டு, நாலு கோணி ஊசிகளைச் செருகினேன். அருப்புக்கோட்டையில் மூட்டை தைக்கும் கடைகளில் கிடைக்கும் ஊசிதான். ஒரு உருளைக்கிழங்கில் அதைக் குத்தினேன். பெட்டியின் அலைமுனையிலிருந்து வெளி ஊசிக்கு ஒரு கம்பி. மறுகோடி ஊசியிலிருந்து, மதிப்புத் தெரிந்த ஒரு ரெசிஸ்டர் வழியாகத் தரைமுனைக்கு. அந்த ரெசிஸ்டரில் விழும் அழுத்தத்தைப் பார்த்தால் கிழங்குக்குள் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று தெரியும். உள் ஊசிகள் இரண்டையும் ஏ1, ஏ2 என்ற இரண்டு வாசல்களில் செருகினேன். பெட்டி எல்லாவற்றையும் தரைமுனையிலிருந்தே அளக்கும் என்பதால், இரண்டையும் தனித்தனியாக வாங்கி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரு நாள் முழுவதும் தப்பான எண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முதலில் வேண்டுமென்றே இரண்டு ஊசியோடு மட்டும் அளந்தேன். பேட்டரி மாதிரி ஒரே திசையில் விட்டபோது எண் நிற்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. ஊசியின் முகத்தில் அயனிகள் வந்து குவிந்து எதிர்த்தள்ளுகின்றன. திசைமாறும் அலைக்கு மாற்றியதும் அது அடங்கியது. ஆனாலும் ஊசியைச் சற்று அசைத்தால் எண் குதித்தது. நாலு ஊசிக்கு மாறினேன். வெளி ஊசியை அசைத்தேன், திருகினேன். நடு எண் அசையவில்லை. காட்டில் கேட்டதை அன்றைக்குத்தான் என் விரல் நுனியில் பார்த்தேன்.

பிறகு அதே கிழங்கை ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்து, காலையில் எடுத்து உருக விட்டேன். தொட்டால் நொளுநொளுவென்று இருந்தது, நீர் கசிந்தது. ஊசிகளைக் குத்தியதும் தடை பாதிக்கும் கீழே விழுந்தது. பனிக்கட்டி ஊசிகள் செல் சவ்வுகளைக் கிழித்துவிட்டன. பானைகள் உடைந்து உள்நீரும் வெளிநீரும் ஒன்றாகிவிட்டன. மெதுவான மின்சாரம் சுற்றிக்கொண்டு போக அங்கே இப்போது கல் எதுவும் இல்லை. ஃபிரிக்கே அளந்த சுவர் இருந்தபோது ஒரு எண், இடிந்த பின் ஒரு எண். உயிருள்ள திசுவுக்கும் செத்த திசுவுக்கும் நடுவிலான வித்தியாசம் கணினித் திரையில் ஒரு கோட்டின் உயரமாக நின்றது. இந்தச் சோதனையைக் கிழங்கிலும் வாழைத்தண்டிலும் செய்து பாருங்கள். உங்கள் கையில் செய்யாதீர்கள். சார்ஜரில் செருகிய கணினியோடு சேர்ந்த பெட்டிக்கும் ஆளுக்கும் நடுவில் மின்காப்பு இருக்க வேண்டும். மருத்துவக் கருவிகளில் அது இருக்கும், மேசைப் பெட்டிகளில் இருக்காது.

இதற்குள் பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் ஓய்ந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்தோம். அங்கே உலர் எடை என்று ஒரு சொல் உண்டு. உடம்பில் தேங்கிய மிகைநீர் எல்லாம் எடுத்த பின் நிற்க வேண்டிய எடை. அதைத் தப்பாகக் குறித்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. குறைவாக எடுத்தால் நுரையீரலில் நீர் கோர்க்கும், மூச்சுத் திணறும். அதிகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் விழும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். எடையைப் பார்த்தும் காலை அமுக்கிப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்தும் யூகிப்பார்கள். வாழ்நாள் முழுக்க மழைக்கு ஏங்கிய மனுஷன் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று அளந்து குடித்தார். வீட்டில் அவருக்குக் கொடுக்கும் டம்ளரை என் பெரியம்மா கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்திருப்பார்.

ஒரு நாள் சிஸ்டர் ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்தார். மெதுவான அலையிலிருந்து மிக வேகமான அலை வரை பல அதிர்வெண்களை அடுத்தடுத்து விட்டு, செல்லுக்கு வெளியே எவ்வளவு நீர், உள்ளே எவ்வளவு நீர் என்று பிரித்துச் சொல்லும் கருவி. ஹோபர் கண்டதும் ஃபிரிக்கே கணக்குப் போட்டதும் அதற்குள் இருந்தன. பெரியப்பாவைப் படுக்க வைத்து, கை, கால் இரண்டையும் ஸ்பிரிட்டால் துடைத்தார். புறங்கையில் இரண்டு ஸ்டிக்கர், புறங்காலில் இரண்டு. நாலு கம்பி.

பெரியப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நம்ம காட்டுல அடிச்ச மாதிரில்ல இருக்கு. உப்புத் தண்ணி ஊத்தலியா?”

சிஸ்டருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். அவர் ஒரு ஸ்டிக்கரின் ஓரத்தை லேசாகத் தூக்கி, உள்ளே பசைபோல் ஈரமாக இருந்ததைக் காட்டினார். “இதுலயே இருக்குங்க ஐயா. இந்த ஜெல்லு உப்புதான்.”

பெரியப்பா திருப்தியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். இரண்டு நிமிஷம் அசையாமல் கிடந்தார். கருவி ஒரு தடவை ஒலித்தது.

“எத்தனை அடியில காட்டுது தாயி?”

“அடி இல்லங்க ஐயா, லிட்டர். ரெண்டே கால் லிட்டர் கூட இருக்கு. இன்னைக்கு எடுத்திரலாம்.”